தோற்றவர்களுக்கு இடம்: லடாக்கின் செக்மோல் வளாகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

லே நகரிலிருந்து சிந்து நதியை ஒட்டி மேற்கே போனால் ஃபே என்ற கிராமம் வரும். அதற்கு அருகில், கல்லும் மணலுமான பாலைச் சரிவில் செக்மோல் அமைப்பின் வளாகம் இருக்கிறது. லடாக் மாணவர் கல்வி, பண்பாட்டு இயக்கம் என்பதன் ஆங்கில எழுத்துச் சுருக்கம்தான் செக்மோல். இந்த வளாகத்தில் சேர வந்த பிள்ளைகளிடம் முதலில் எதிர்பார்க்கப்பட்ட தகுதி, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தோற்றிருக்க வேண்டும் என்பது. மற்ற இடங்களில் மறைத்து வைக்க வேண்டிய மதிப்பெண் பட்டியலை இங்கே முன்னால் வைத்தார்கள்.

பள்ளியை விட்டு வெளியேறியவர்களுக்கான மாற்றுக் கல்வி என்றாலே இந்தியாவில் இந்த வளாகத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். சூரிய வெப்பத்தில் கதகதக்கும் மண் வீடுகள், தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் மாணவர்கள் என்று படம் பிடிக்க நிறைய இருக்கிறது. ஆனால், படத்தில் சிக்காத இன்னொரு பாதி இந்தக் கதையில் உண்டு. அதை விட்டுவிட்டு வளாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் கிடைப்பது ஓர் அழகான விடுதிதான் என்பது என் கணிப்பு. எனவே அந்தப் பாதியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏன் தோற்றார்கள்

1990களின் நடுப்பகுதிவரை லடாக்கில் பத்தாம் வகுப்பு எழுதிய அரசுப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 95 பேர் தோற்றார்கள். நாலைந்து பேர் தோற்றால் அந்தப் பிள்ளைகள் சரியாகப் படிக்கவில்லை என்று சொல்லலாம். 95 பேர் தோற்கும் இடத்தில் பிள்ளைகளின் மூளையை ஆராய்வது வீண் வேலை.

காரணங்களைத் தேடி அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டிலும் வயலிலும் பேச்சு லடாக்கி. பள்ளிப் பாடப்புத்தகமோ உருது. எட்டாம் வகுப்புவரை அப்படிப் போன பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலத்துக்குள் தள்ளினார்கள். அடுத்த ஆண்டே பொதுத்தேர்வு. பாடம் நடத்திய ஆசிரியர்களில் பலருக்கே இரண்டு மொழியும் சரளமில்லை. புத்தகத்தில் இருந்த எடுத்துக்காட்டுகளோ கப்பல், கடல், தென்னை, பருவமழை. நம் வீட்டுக் கொல்லையில் சாதாரணமாக நிற்கும் தென்னை, 3,500 மீட்டர் உயரத்தில் மழையே அரிதான ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு வேற்றுலகத் தாவரம். பாடத்தைப் புரிந்துகொள்ளும் முன் எடுத்துக்காட்டைப் புரிந்துகொள்ள வேண்டிய நிலை. இவற்றுக்கு மேல், தொலைவிலுள்ள கிராமங்களில் ஆசிரியர் வருவது நிச்சயமில்லை. வந்தவரும் எந்த நேரத்தில் மாற்றலாகிப் போவார் என்று தெரியாது. ஊராரும் கேட்பதில்லை. பள்ளி அரசாங்கத்தின் கட்டடம், அதற்குள் நடப்பது அரசாங்கத்தின் காரியம் என்று இருந்துவிட்டார்கள்.

செக்மோலைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான சோனம் வாங்சுக்கும் இந்தச் சுழலில் சிக்கியவர்தான். 1966இல் உலேதோக்போவில் பிறந்தவர். ஊரில் பள்ளி இல்லாததால் ஒன்பது வயதுவரை தாயிடமே தாய்மொழியில் படித்தார். பிறகு ஸ்ரீநகர் பள்ளியில் மொழி புரியாமல் திணறியபோது அவரை மந்தமான பிள்ளை என்று ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளில் தனியாக தில்லிக்குப் போய், ஒரு பள்ளி முதல்வரிடம் தானே முறையிட்டு இடம் வாங்கினார். பின்னாளில் ஸ்ரீநகரில் இயந்திரப் பொறியியல் படித்தபோது, கல்லூரிச் செலவுக்காக 19 வயதில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தனிப்பாடம் எடுத்தார். செக்மோலின் வித்து அந்தத் தனிப்பாட வகுப்புதான்.

1988இல் வாங்சுக்கும் சில கல்லூரி மாணவர்களும் சேர்ந்து அமைப்பைத் தொடங்கியபோது, அவர்கள் செய்தது நம் ஊர் டுடோரியல் செய்வதையேதான்: தோற்றவர்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லித் தேர்வெழுத வைப்பது. அதில் தவறில்லை. ஆனால், நூற்றுக்கு 95 பேர் தோற்கும் ஊரில் டுடோரியல் நடத்துபவருக்கு ஆண்டுதோறும் புதிய கூட்டம் வந்துகொண்டே இருக்கும். வியாபாரமாக நடத்துபவருக்கு அது வாழ்வு. தொண்டாக நடத்துபவருக்கு ஓயாத ஓட்டம். இவர்கள் மூன்றே ஆண்டுகளில் திசையை மாற்றினார்கள். அந்த மாற்றம்தான் இந்த நிகழ்வின் திருப்புமுனை என்று நினைக்கிறேன்.

சஸ்போலும் கிராமக் கல்விக் குழுக்களும்

1991இல் சஸ்போல் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் சீர்திருத்தத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். புதிதாகப் பள்ளி கட்டவில்லை. இருந்த பள்ளிக்குள்ளேயே நுழைந்து, ஆசிரியர், ஊர்க்காரர், அமைப்பு என்று மூன்று தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். அங்கே கிடைத்த அனுபவத்தை வைத்து 1994இல் 'புது நம்பிக்கை' இயக்கத்தை லே மாவட்டத்தில் தொடங்கினார்கள். 1995இல் லடாக் தன்னாட்சி மலை வளர்ச்சி மன்றம் அமைந்தது. மறு ஆண்டே மன்றம் இதைத் தன் கல்விக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. காலம் ஒத்துவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தன்னாட்சிக்காகப் போராடி வென்ற புதிய மன்றம், தானும் ஏதாவது செய்து காட்ட வேண்டிய கட்டத்தில் இருந்தது. மன்றமே இல்லாதிருந்தால் இந்தத் திட்டம் ஸ்ரீநகர் தலைமைச் செயலகத்தின் ஏதாவது ஒரு கோப்பில் தூங்கியிருக்கும்.

திட்டத்தின் அச்சாணி கிராமக் கல்விக் குழு. ஊரில் மதிப்புள்ளவர்கள், பெற்றோர், பெண்கள் சேர்ந்த அந்தக் குழுவுக்குப் பள்ளி நடப்பதைக் கண்காணிக்கும் பொறுப்பு. ஆசிரியர் வரவில்லை என்றால் கேட்பது முதல் கூரையைச் செப்பனிடுவதுவரை. மாவட்டம் முழுவதும் சுமார் 1,000 குழுத் தலைவர்களுக்கும் 700 ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தொடக்க வகுப்புப் புத்தகங்களை லடாக்கின் வாழ்க்கைக்கேற்ப மாற்றி எழுதினார்கள். உருதுவில் தொடங்கி ஆங்கிலத்தில் முடியும் தாவலைக் குறைக்க, ஆங்கிலத்தையே முன்கூட்டிக் கொண்டுவந்தார்கள்.

இந்தக் கடைசி முடிவில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஒன்பது வயதுவரை தாய்மொழியில் படித்ததைத் தன் பேறு என்று பல மேடைகளில் சொன்னவர் வாங்சுக். ஆனாலும் அவருடைய இயக்கம், கணக்கையும் அறிவியலையும் லடாக்கியில் கற்பிக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குக் காரணம் விருப்பமின்மை என்று சொல்ல முடியாது. எழுத்து லடாக்கி என்றால் மடாலயத்து நூல்களின் செவ்வியல் நடை என்றே பண்டிதர்கள் கருதினார்கள். மக்கள் பேசும் மொழியை அதே எழுத்தில், பேசுவதுபோல எளிமையாக எழுத வேண்டும் என்று செக்மோல்காரர்கள் முயன்றபோது எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. செந்தமிழா பேச்சுத்தமிழா என்று நூறாண்டுகளாக அடித்துக்கொள்ளும் நமக்கு அந்தச் சண்டையை விளக்க வேண்டியதில்லை. ஆனால், நமக்குக் கோடிக்கணக்கான வாசகர்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி லே, கார்கில் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தே மக்கள்தொகை மூன்று லட்சத்தை எட்டவில்லை.

வளாகத்துக்குள்

பள்ளிகளைச் சீராக்குவது மெதுவாக நடக்கும் வேலை. அதற்குள் தோற்றுவிட்டவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகத்தான் ஃபே வளாகம் வந்தது. இந்த வரிசை முக்கியம்.

கட்டடங்களை மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்தே எழுப்பினார்கள். மண்ணை அச்சுக்குள் கொட்டி இடித்து இறுக்கிய தடித்த சுவர்கள். முகப்பு தெற்கைப் பார்த்திருக்கும். குளிர்காலம் வந்தால் தெற்குப் பக்கத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிப் பசுமைக்குடில் ஆக்கிவிடுவார்கள், கோடையில் கழற்றிவிடுவார்கள். வெளியே வெப்பநிலை மைனஸ் 15 டிகிரியாக இருக்கும்போது உள்ளே ஏறத்தாழ 14 டிகிரி இருக்கும். விறகோ மண்ணெண்ணெயோ தேவையில்லை. 2016இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த மண் கட்டடக் கலை மாநாட்டில் இங்குள்ள பெரிய கட்டடத்துக்கு டெர்ரா விருது கிடைத்தது. சமையலுக்குச் சூரிய அடுப்பு, விளக்குக்குச் சூரிய மின்சாரம், கழிப்பறை லடாக்கில் வழிவழியாக இருந்துவரும் நீரில்லாத உரக்கழிப்பறை.

இதையெல்லாம் சுற்றுச்சூழல் அக்கறை என்று மட்டும் பார்த்தால் இதன் கல்விப் பயன் தெரியாமல் போகும். பத்தாம் வகுப்பில் ஒளிவிலகலையும் வெப்பக் கடத்தலையும் மனப்பாடம் செய்து தோற்ற பிள்ளை, இங்கே வந்ததும் தான் தூங்கும் அறையின் சுவர் ஏன் இவ்வளவு தடிமன் என்று தெரிந்துகொள்கிறான். குளிர்கால விரிப்பைக் கட்டத் தாமதித்தால் அன்று இரவே அதன் பலனைத் தன் முதுகில் உணர்வான். தேர்வில் தோற்றபோது அவனுக்குக் கிடைத்தது ஓர் எண். இங்கே தவறு செய்தால் என்ன தவறு என்பதும், அதை எப்படிச் சரிசெய்வது என்பதும் சேர்ந்தே கிடைக்கின்றன.

நிர்வாகம் மாணவர்களிடம். மாடுகளைப் பார்ப்பது, தோட்டம், சமையலறை, மின்சாரக் கருவிகள், கணக்கு வழக்கு எனப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கும். தலைமையைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பொறுப்புகள் மாறும். பால் கறக்கத் தவறினால் காலைத் தேநீர் கறுப்பாக வரும், கேட்பவர்கள் சக மாணவர்கள். பத்து ஆண்டுகள் பள்ளியில் இருந்தும் 'உன்னால்தான் இது நடந்தது' என்று யாரிடமும் கேட்காத பிள்ளை, முதன்முறையாகத் தன்னை நம்பி நாற்பது ஐம்பது பேர் சாப்பிடக் காத்திருப்பதைப் பார்க்கிறாள்.

ஆங்கிலப் பேச்சு அன்றாடத்தில் ஒரு பகுதி. வெளிநாடுகளிலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் வரும் தன்னார்வலர்கள் தங்கியிருந்து மாணவர்களோடு பேசுவார்கள். வகுப்பில் இலக்கணமாகக் கற்றுத் தோற்ற மொழியை இங்கே உரையாடிப் பழகுகிறார்கள். லடாக்கின் பொருளாதாரத்தில் சுற்றுலாவின் பங்கு பெரிது என்பதால், வழிகாட்டி வேலைக்கோ விடுதி நடத்துவதற்கோ இந்தப் பேச்சு நேரடியாகப் பயன்படுகிறது. மாலையில் லடாக்கிப் பாடல்கள். குளிர்காலத்தில் தண்ணீரை உறையவிட்டு ஐஸ் ஹாக்கி. இந்திய மகளிர் அணிக்கு ஆடிய லடாக் பெண்களில் சிலர் இங்கே பழகியவர்கள். 2013-14 குளிர்காலத்தில் வாங்சுக் பனி ஸ்தூபியின் முதல் மாதிரியைச் செய்து பார்த்ததும் இங்குள்ள மாணவர்களோடுதான். குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைக் கூம்பு வடிவில் உறைய வைத்து, வசந்தத்தில் வயலுக்குத் தேவைப்படும்போது உருகவிடும் முறை அது.

பொதுத்தேர்வை மறுபடி எழுதவும் இங்கே தயார்செய்தார்கள். அதை மறந்துவிடக் கூடாது. மாற்றுக் கல்வி பேசுபவர்கள் சிலர் சான்றிதழையே இகழ்வார்கள். சான்றிதழ் கையில் இருப்பவர்களுக்கு அது எளிது.

வெளியே போனவர்கள்

கியா கிராமத்து ஸ்தான்சின் டோர்ஜாய் பத்தாம் வகுப்பில் தோற்று இங்கே வந்தவர். கேமராவைக் கையாளப் பழகி, ஆவணப்பட இயக்குநராகி, தன் மக்களின் மேய்ச்சல் வாழ்க்கையைப் பல நாட்டுத் திரைப்பட விழாக்களுக்குக் கொண்டுபோனார். தின்லஸ் சோரோல் இங்கே படித்து, முறையாகப் பயிற்சி பெற்ற மலையேற்ற வழிகாட்டியானார். ஆண்களே நிறைந்திருந்த அந்தத் தொழிலில் 2009இல் பெண்களே நடத்தும் பயண நிறுவனத்தைத் தொடங்கினார். இருவரும் லடாக்கில் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்.

இப்படிப்பட்ட பெயர்களைப் படிக்கும்போது நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வளாகத்தில் ஒரு நேரத்தில் இருப்பவர்கள் சில பத்துப் பேர்தான். வந்தவர்கள், தோற்ற பிறகும் வீட்டிலிருந்து கிளம்பி இன்னொரு முயற்சி செய்யலாம் என்று முடிவெடுத்தவர்கள். அந்த முடிவை எடுக்க இயலாமல் சாலைப் பணிக்கும் சுமை தூக்கவும் போனவர்களோடு இவர்களை ஒப்பிட்ட ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. வெற்றிக் கதைகளை மட்டும் வைத்து வளாகத்தின் பலன் இவ்வளவு என்று எடைபோட முடியாது.

எடைபோட ஒரு வழி இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பள்ளியை விட்ட 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்காக அந்நாட்டுத் தேசியக் காவல் படை 1993 முதல் 'யூத் சேலஞ்ச்' என்ற திட்டத்தை நடத்துகிறது. 22 வாரங்கள் உறைவிடப் பயிற்சி, அதன் பிறகு ஓராண்டு ஒரு வழிகாட்டியின் துணை. அந்த வழிகாட்டியைப் பிள்ளையே தன் ஊரிலிருந்து முன்மொழியலாம். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்த பத்து மையங்களில், குலுக்கல் முறையில் சிலருக்கு இடம் கொடுத்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, இடம் கிடைத்தவர்களில் 72 விழுக்காட்டினர் பள்ளியிறுதிச் சான்றிதழையோ அதற்கு இணையானதையோ பெற்றிருந்தார்கள்; கிடைக்காதவர்களில் 56 விழுக்காடு. வருமானமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது.

ராணுவ மிடுக்கோடு நடக்கும் அந்த முகாமுக்கும் சிந்து நதிக்கரையின் மண் வீடுகளுக்கும் கொள்கையளவில் எந்த உறவும் இல்லை. ஆனாலும் இரண்டிலும் வீட்டையும் பழைய நட்பு வட்டத்தையும் விட்டுச் சில மாதங்கள் விலகியிருத்தல் உண்டு. நாளை ஒழுங்காக நிரப்பும் வேலை உண்டு. பிறருக்கும் பொறுப்பாகும் நிலை உண்டு. அந்த 56 விழுக்காடும் கவனிக்க வேண்டியது. திட்டத்தில் இடமே கிடைக்காதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாங்களாகவே ஏதோ ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். மாற்றுப் பள்ளி நடத்துபவர்கள் தங்கள் வெற்றிக் கணக்கிலிருந்து இந்தப் பங்கைக் கழித்துக்கொள்வது நியாயம்.

ஐந்திலிருந்து எழுபத்தைந்து

2018இல் வாங்சுக்குக்கு மகசேசே விருது கிடைத்தபோது வெளியான பாராட்டுரை, 1996இல் 5 விழுக்காடாக இருந்த தேர்ச்சி 2015இல் 75 விழுக்காடாக உயர்ந்ததைக் குறிப்பிட்டது. எவருக்கும் பெருமை தரக்கூடிய எண்தான். ஆனால், அதை அப்படியே இயக்கத்தின் கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டுகளில் லடாக்கே மாறியிருக்கிறது: சாலைகள், சுற்றுலா வருமானம், படித்த முதல் தலைமுறைப் பெற்றோர், தேர்வு முறையில் வந்த தளர்வுகள் என எல்லாம் சேர்ந்த எண் அது. அரசுடனான கூட்டே 2007இல் முடிந்துவிட்டது. மாவட்ட நிர்வாகத்துக்கும் அமைப்புக்கும் மோதல் முற்றி, குற்றச்சாட்டுகள் பறந்து, செக்மோல் பள்ளிச் சீர்திருத்தப் பணியிலிருந்து விலகியது. இயக்கம் உயிரோடு இருந்த பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் தேர்ச்சி நூற்றுக்குப் பாதியைத் தாண்டியது என்பதே அதன் பங்கை மதிப்பிட எனக்குப் போதுமானது.

மோதலுக்குப் பிறகு வளாகம் நிலைத்தது. மாவட்டம் தழுவிய குழுக்களை இயக்கிய கை விலகிப்போனது. கிராமக் கல்விக் குழுவுக்கு உயிர் கொடுக்க ஆண்டுதோறும் பயிற்சி வேண்டும், ஆசிரியரைக் கேள்வி கேட்டால் குழுவுக்குத் துணைநிற்க மேலே ஓர் அதிகாரி வேண்டும். வளாகத்துக்கு இவை தேவையில்லை, அதனால் அது தப்பியது. உலகம் அதைத்தான் வந்து பார்த்தது. ஓர் இந்திப் படத்தின் கதாநாயகனுக்கு வாங்சுக்தான் முன்மாதிரி என்ற பேச்சு பரவியபின், சுற்றுலாப் பயணிகள்கூட வளாகத்தைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஆயிரம் குழுத் தலைவர்களைப் பார்க்க யாரும் வரவில்லை.

2025 செப்டம்பரில் வளாகத்தின் நிலையும் ஆட்டம் கண்டது. லடாக்குக்கு மாநிலத் தகுதியும், பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கோரி நடந்த போராட்டம் 24ஆம் தேதி லேயில் வன்முறையாக வெடித்து நால்வர் உயிரிழந்தார்கள். அடுத்த நாள் மத்திய உள்துறை அமைச்சகம் செக்மோலின் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தை ரத்து செய்தது. அதற்கு மறுநாள் வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். போராட்டத்தின் நியாயம் தனி விவாதம். தோற்ற பிள்ளைகளின் தங்குமிடமும் ஒரு தலைவரின் அரசியலும் ஒரே பெயரில் நடந்தால், ஒன்றின் மீது விழும் அடி மற்றதன் மீதும் விழும் என்பதை மட்டும் இந்த ஆய்வில் குறித்துக்கொள்கிறேன்.

எதை எடுத்துக்கொள்வது

வேறோர் ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் மண் சுவரையும் சூரிய அடுப்பையும் அப்படியே கொண்டுபோக வேண்டியதில்லை. அவை லடாக்கின் குளிருக்கான விடைகள். கடலூரிலோ கயாவிலோ வேலை வேறாக இருக்கும்: படகு எஞ்சின் பழுதுபார்ப்பதோ, பால் கூட்டுறவின் கணக்கு எழுதுவதோ. அந்த வேலை உண்மையாகவே யாருக்காவது தேவைப்பட வேண்டும், தவறினால் உண்மையாகவே யாருக்காவது இடைஞ்சல் வர வேண்டும். பயிற்சிக்காகச் செய்து, மறுநாள் பிரித்துப் போடும் வேலையைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுகொள்வார்கள்.

சேர்க்கைப் பதிவேட்டைத் திறக்கும் முதல் நாளே மூன்று விவரங்களை எழுதத் தொடங்க வேண்டும்: எந்தப் பள்ளியிலிருந்து வந்தார், எந்தப் பாடத்தில் தோற்றார், எந்த வகுப்பிலிருந்து வகுப்பு புரியாமல் போனதாகச் சொல்கிறார். வெளியே போனபின் ஆண்டுக்கு ஒருமுறை விசாரித்து, இப்போது என்ன செய்கிறார் என்பதையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும். சில ஆண்டுகள் போனால் ஒரே பள்ளியின் பெயரும் ஒரே பாடமும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு முதலில் அந்த ஊர்ப் பெற்றோரையும், பிறகு அவர்களையும் கூட்டிக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலரையும் பார்க்கப் போகலாம்.